வெள்ளைத் துணியில் ஒரு பொட்டு மஞ்சள்

வெள்ளிக்கிழமை காலை. கண்டி டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மேல் மாடி. பதினான்கு நீள மேசைகள், ஒவ்வொன்றிலும் மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி. பதின்மூன்று துணிகள் பால் மாதிரி இருந்தன. என்னுடைய துணியின் மூலையில் மட்டும் பட்டாணி அளவில் ஒரு மஞ்சள் பொட்டு.

வேறு யாரும் வைக்கவில்லை. வைத்தது நானேதான்.

அன்றைக்கு எங்களுக்கு ஃபேஷன் டிசைன் படிப்பின் கடைசிச் செய்முறைச் சோதனை. ஒரு வருஷம் படித்ததெல்லாம் தேறுவதும் தேறாததும் அந்த ஒரு நாளில்தான். தவறினால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். கொடுத்த துணியில் ஒரு ஃப்ரொக் தைத்து முடிக்க வேண்டும். ஆளுக்கு அளவாகத்தான் துணி. பழுதானால் மாற்றுத் துணி கிடையாது.

"துணியில் கறை இருந்தால் மார்க் போகும். கறை வெளியே தெரிந்தால் உடுப்பையே எடுக்க மாட்டார்கள்" என்று எங்கள் இரேஷா மிஸ் முந்தின நாளே மூன்று தடவை சிங்களத்தில் சொல்லியிருந்தார். மூன்று தடவையும் நன்றாகத் தலையாட்டியவள் நான்.

வாசிக்கிறவர்களில் எங்கள் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதுத் துணியை நாங்கள் அப்படியே வெட்டவும் மாட்டோம், உடுத்தவும் மாட்டோம். மூலையில் மஞ்சள் தொட்டு வைத்து, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல். இருபத்திரண்டு வருஷமாக என் தையல் பெட்டியில் சோக்குக் கட்டி, அளவு டேப், ஊசிப் பெட்டி, இவற்றோடு மஞ்சள் குழைத்த சின்ன டப்பி ஒன்றும் இருக்கும். அந்தப் பெட்டியைத்தான் சோதனைக்கும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

துணியை விரித்தேன். சுருக்கத்தைத் தடவினேன். கை தானாகப் பெட்டிக்குள் போனது, தானாக வெளியே வந்தது, தானாக மூலையைத் தொட்டது. தும்மினால் வாயில் 'முருகா' வருகிற மாதிரி. யோசித்துச் செய்த காரியம் இல்லை.

பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல்.

"அல்லாஹ்வே! சாச்சி, என்ன செஞ்ச நீங்க?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பவானி டீச்சரின் படம்

இந்த வயதில் எனக்கு எதற்குச் சோதனை என்று கேட்பீர்கள். என் கணவரும் அதைத்தான் கேட்டார். அதனால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

நாங்கள் குண்டசாலையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் சிவலிங்கம் த்ரீவீல் ஓட்டுகிறார். நான் முன் அறையில் மெசின் போட்டு சாரி ஜாக்கெட் தைப்பவள். பிறந்தது புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. என் பெயர் அச்சடித்த கடதாசி என்று வீட்டில் இருந்தது மூன்றுதான்: பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, விவாகப் பதிவு. மூன்றுக்கும் நான் படிக்கவில்லை.

என்னிடம் தைப்பவர்களில் பவானி டீச்சர் ஒருவர். யாழ்ப்பாணத்து ஆள், கண்டியில் வேலை. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவருடைய தங்கச்சிக்குக் கல்யாணம் வந்தபோது தன்னுடைய ஜாக்கெட்டுகளுக்கு இரண்டு துணி கொண்டுவந்தார். கூடவே போனில் ஒரு படமும் காட்டினார். அழகான கழுத்து, தோளில் சுருக்கு வைத்த கை.

"வடிவா இருக்கு டீச்சர். தைக்கிறேன்" என்றேன்.

"இல்லை, பரமேஸ். இதை டவுனில குடுக்கப் போறன். உமக்குக் காட்டத்தான் கொண்டு வந்தனான். மற்றத் துணியை மட்டும் நீர் தையும்."

"ஏன் டீச்சர், என்மேல நம்பிக்கை இல்லையா?"

"கோவிக்காதேயும். உம்மட தையல் திறம், ஓம். ஆனா இது டிசைன் படிச்ச ஆக்கள் வெட்டுறது. துணி பழுதாப் போனா நான் கல்யாணத்துக்கு என்னத்தைப் போடுறது?"

"அப்போ படிச்சிட்டு வந்தா தருவீங்களா?"

டீச்சர் சிரித்தார். "படியுமன், பாப்பம்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் என் மகள் திவ்யா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயந்தரமே போனில் எதையோ தேடினாள். பள்ளிக்கூடத்து ஓ/எல் சோதனை எழுதாவிட்டாலும், தொழில் தெரிந்தவர்களை நேரில் பார்த்துச் சேர்த்துக்கொள்கிற இடம் கண்டியில் ஒன்று இருக்கிறது என்றாள். ஃபோர்மை அவளே நிரப்பினாள். 'முன் அனுபவம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள்.

"இருபத்திரண்டு வருஷம் ஜாக்கெட் தைச்சேன்னு எழுது."

"எத்தன ஜாக்கெட்டும்மா?"

"ஊர்ல கல்யாணமான பொம்பளைங்கள எண்ணிக்க."

என் கணவர் ஒன்றும் தடுக்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "மகளுக்குப் பேக் வாங்கிக் குடுக்குற வயசுல நீ பேக் மாட்டிக்கிட்டுப் போறே பரமு. சரி, போய்ட்டு வா. டிஃபின் மறந்துராதே." முதல் நாள் சந்தியில் அவருடைய த்ரீவீல் கூட்டாளிகள், "என்னா அண்ணே, பாப்பாவ ஸ்கூல்ல விடப் போறீங்களா?" என்று கேட்டார்களாம். "ஆமா, அழாமப் போவுதான்னு பாக்கணும்" என்று இவரும் சொல்லியிருக்கிறார். வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

உண்மையில் நான் அழவில்லை. பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு நிமிஷம் நின்றேன், அவ்வளவுதான்.

அளவு ஜாக்கெட்

படிக்கப் போன பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு மனுஷியின் உடம்பை அளந்ததே இல்லை.

எங்கள் தொழிலில் அளவு ஜாக்கெட் என்று ஒன்று உண்டு. தைக்கக் கொடுப்பவர், தனக்குப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைத் துணியோடு கொண்டுவந்து தருவார். அதைப் பார்த்துப் புதியதை வெட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன் புசல்லாவை டவுனில் ஒரு தையல் கடையில் கொக்கி வைக்கிற வேலை செய்தேன். அங்கே வெட்டுவது மாஸ்டர், ஆம்பிளை. பொம்பிளைகள் அவர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்களா? ஜாக்கெட்டை அனுப்பிவிடுவார்கள். அதையே பார்த்துப் பார்த்து எனக்கும் பழகிவிட்டது.

அளவு ஜாக்கெட் பொய் சொல்லாது. கொண்டுவருகிறவர்கள்தான் சொல்வார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் போட்டதைக் கொண்டுவந்து "இதுதான் பரமேஸ்வரி கரெக்ட்" என்பார்கள். நானும் ஆளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்து, கேட்காமலே இரண்டு விரல் கூட்டி வெட்டிவிடுவேன். "பாத்தியா, நான் அப்படியேதான் இருக்கேன்" என்று சந்தோஷமாகப் போவார்கள். ஊரில் எனக்கு நல்ல பெயர் வந்ததே அந்த இரண்டு விரலில்தான்.

வகுப்பில் அதெல்லாம் செல்லாது. முதல் பாடமே பக்கத்தில் இருப்பவரை டேப் பிடித்து அளப்பது. என் பக்கத்தில் இருந்தவள் நஸ்ரின். அக்குறணைப் பிள்ளை, இருபது வயது. சிங்களம் அவளுக்குத் தண்ணீர் மாதிரி. மிஸ் சொல்வது எனக்குப் பிடிபடாத இடத்தில் குனிந்து தமிழில் சொல்லித் தருவாள். முதல் நாளே என்னைச் சாச்சி என்று கூப்பிட்டுவிட்டாள். அவளுடைய உம்மாவின் தங்கச்சிக்கு என்னுடைய சாயலாம்.

"அளங்க சாச்சி, ஏன் நிக்கிறீங்க?"

"கூச்சமா இருக்கு புள்ள."

"எனக்குத்தானே கூச்சம் வரணும்? நீங்க டேப்பத்தானே புடிக்கிறீங்க!"

இரேஷா மிஸ்ஸுக்கு முப்பது வயதுகூட இருக்காது. என்னை 'அக்கே' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பிழை கண்டால் அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை.

கடதாசிச் சண்டை

அந்த வருஷம் முழுக்க எனக்கும் மிஸ்ஸுக்கும் நடந்தது ஒரே ஒரு சண்டை. கடதாசிச் சண்டை.

அவர் சொல்கிறபடி, முதலில் பழுப்புக் கடதாசியில் உடுப்பின் ஒவ்வொரு பாகத்தையும் அளவு போட்டு வரைய வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், கை, கொலர் என்று ஒவ்வொன்றாக. தையலுக்கு விடுகிற இடத்தையும் சேர்த்து வரைந்து, கடதாசியை வெட்டி, அதைத் துணிமேல் பரப்பி, எது எங்கே வரும் என்று பார்த்து, அதற்கும் ஒரு படம் போட்டு, பிறகுதான் துணியில் கத்தரிக்கோல். எனக்கோ துணியைப் பார்த்த உடனே கோடு தெரியும். ஐந்து நிமிஷத்தில் வெட்டிப் போடுகிறதற்கு இரண்டு மணித்தியாலம் கடதாசியோடு மாரடிப்பதா?

ஒரு நாள் குறுக்கு வழி பார்த்தேன். துணியை முதலில் வெட்டிவிட்டு, வெட்டிய துணியைக் கடதாசிமேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அதையே பேட்டர்ன் என்று கொடுத்துவிட்டேன். மிஸ் கடதாசியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். ஓரமெல்லாம் என் சோக்குத் தூள்.

கடதாசியைத் திருப்பி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நஸ்ரின்தான் அடக்க முடியாமல் சிரித்தாள்.

"சாச்சி, நீங்க சோறு தின்டு முடிச்சிட்டு அரிசி களையிறீங்க!"

படம் வரைவதிலும் என் பாடு இப்படித்தான். உடுப்பு டிசைன் வரையும்போது மனுஷ உருவத்தை ஒன்பது தலை உயரத்துக்கு வரைய வேண்டும். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு உயரம் ஒருத்தருக்கும் கிடையாது. நான் வரைந்த முதல் உருவம் கோயில் சுவரில் நிற்கிற மாதிரி நின்றது. கையில் தாமரை ஒன்றுதான் குறை. மிஸ் அதைப் பார்த்துவிட்டு, "அக்கே, இதைப் பார்த்தால் கும்பிடத் தோன்றுகிறது, உடுத்தத் தோன்றவில்லை" என்றார்.

ஆனால் ஒரு தடவை என்னுடையது வகுப்புக்கே முன்னால் போனது. பிடித்த உடுப்பு ஒன்றிலிருந்து புது டிசைன் செய்யச் சொன்னபோது, மற்றப் பிள்ளைகள் போனில் வெளிநாட்டுப் படங்கள் எடுத்தார்கள். நான், கொழுந்து எடுக்கப் போகும்போது அம்மா இடுப்பில் சுற்றிக் கட்டுகிற சாக்குப் படங்கைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருகிற அந்த மடிப்பை வைத்து ஒரு பாவாடை வரைந்தேன். மிஸ் அதைச் சுவரில் ஒட்டினார். அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ஏண்டி, அந்தச் சாக்கையா சபையில கொண்டு போய்க் காட்டுனே?" என்றார் அம்மா. பிறகு, "நல்லதாப் பாத்து எடுத்தியா?" என்று கேட்டார்.

சவர்க்காரம்

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

சோதனை பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு அம்மா வரவேண்டும். கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறி ஒன்று நின்று பாதை அடைபட்டதால், வர நேரமாகும் என்று செய்தி வந்தது. அதுவரை துணியை அயர்ன் பண்ணி வைக்கச் சொல்லிவிட்டு மிஸ் கீழே போயிருந்தார். அந்த இடைவெளியில்தான் என் கை மஞ்சளைத் தொட்டது.

நான் மலைத்துப்போய் நின்றேன். நஸ்ரின் நிற்கவில்லை. "ஒண்டும் ஆகாது, கழுவினாப் போயிரும்" என்று துணியின் மூலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அறையின் ஓரத்தில் இருந்த குழாயடிக்குப் போனாள். நான் "வேணாம் புள்ள" என்று வாயெடுப்பதற்குள் சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்துவிட்டாள்.

மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் என்ன ஆகும்? ஆரத்தி கரைத்த எல்லாருக்கும் தெரியும். சவர்க்காரமும் அதே வேலையைத்தான் செய்யும். பட்டாணி அளவில் மஞ்சளாக இருந்தது, உள்ளங்கை அளவில் சிவப்பாகிவிட்டது.

நஸ்ரின் முகம் வெளுத்துவிட்டது. "சாச்சி... ரத்தம் மாதிரி வருது சாச்சி!"

"இன்னும் தேய்க்காதே. வுடு."

"எனக்குத் தெரியாது சாச்சி. நான் கெடுத்துப் போட்டேன்." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது பிள்ளைக்கு.

ஒரு வருஷம். கிழமைக்கு மூன்று நாள் பஸ். வந்த தையலைப் பாதி திருப்பி அனுப்பினேன். மகள் சமைத்தாள், வீட்டுக்காரர் உடுப்புத் தோய்த்தார். எல்லாம் அந்தச் சிவப்பில் போய் நின்றது. ஆனாலும் அந்தப் பிள்ளை அழுவதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. பிள்ளையார்தான் கொடுத்திருக்க வேண்டும். எனக்குச் சொந்தமாக அவ்வளவு கிடையாது.

"கெடுத்தது நான் புள்ள. நீ கழுவத்தானே போனே. கீழ டீக் கடையில ஒரு தேசிக்காய்த் துண்டு வாங்கிட்டு ஓடி வா."

சிவப்பைத் தேசிக்காய்ப் புளி திரும்ப மஞ்சளாக்கும். மஞ்சளை வெயில் தின்னும். அதுவும் எனக்குத் தெரியும். சமையலறையிலிருந்து ஓடிவந்து அளவு பார்க்கிறவர்கள் எத்தனை பேர் மஞ்சள் கையோடு புது ஜாக்கெட்டைத் தொட்டிருக்கிறார்கள்! நனைத்து வெயிலில் போட்டால் சாயந்தரத்துக்குள் பாதி போய்விடும்.

தேசிக்காயும் வந்தது, மிஸ்ஸும் வந்தார். மறைக்க நான் முயற்சி செய்யவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"அக்கே, நான் மூன்று தடவை சொன்னேனே!"

"சொன்னீங்க மிஸ். கைக்குக் கேக்கல."

வேறு துணி தர அவருக்கு அதிகாரம் இல்லை. சோதனை விதிகள் எழுதிய தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை வாசித்தார். "துணியைக் கழுவக்கூடாது என்று இதில் இல்லை. வெயிலில் போடக்கூடாது என்றும் இல்லை. முடிக்கிற நேரம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்" என்றார்.

என் மேசை ஜன்னல் ஓரம். தேசிக்காயைத் தேய்த்ததும் சிவப்பு மறுபடி மஞ்சளானது. நனைந்த மூலையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு, இந்தப் பக்கம் அயர்ன் பெட்டியைப் பாரமாக வைத்தேன். வெளியே பார்த்தேன். மலையெல்லாம் மேகம் மூடிக்கிடந்தது. வெயிலே இல்லை.

வெயில் வந்த நேரம்

கொழும்பு அம்மா வந்ததும் சோதனை தொடங்கியது. அளவுத் தாள் கொடுத்தார்கள். துணியை வெட்டுவதற்கு முன் கடதாசி.

அன்றைக்கு நான் கடதாசியை வரைந்த மாதிரி ஒருநாளும் வரைந்ததில்லை. அவசரப்பட்டு என்ன செய்ய? வெட்டுவதற்குத் துணி தயாராக இல்லை. பென்சிலைச் சீவினேன். ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவை அளந்தேன். முன்பக்கம் முடித்து ஜன்னலைப் பார்த்தேன். மூடல். பின்பக்கம் முடித்துப் பார்த்தேன். மூடல். நஸ்ரின் தன் மேசையில் வரைந்துகொண்டே உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான் என்று பிறகு சொன்னாள். அவள் அவள் முறையில் கேட்டாள். நான் என் முறையில் 'சூரிய பகவானே, ஒரு மணித்தியாலம் போதும்' என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஃப்ரொக்கின் கைப் பாகத்தை வரைந்துகொண்டிருக்கும்போது கடதாசியில் என் பென்சிலின் நிழல் விழுந்தது.

தலையைத் தூக்கவில்லை. பயம், பார்த்தால் போய்விடுமோ என்று. கையை முடித்து, கொலரை முடித்து, எல்லாவற்றையும் வெட்டி எடுத்த பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். நல்ல வெயில். மஞ்சள் வெளுத்துக்கொண்டே வந்து, பழைய கடதாசி நிறத்துக்கு வந்திருந்தது. முழுக்கப் போகவில்லை. ஆனால் சிவப்பு இல்லை, மஞ்சளும் இல்லை.

துணியை உள்ளே எடுத்து அயர்ன் பண்ணி விரித்தேன். கடதாசிகளை மேலே பரப்பினேன். எல்லாரும் பரப்புகிற மாதிரிப் பரப்பினால் அந்த மூலையில் கொலர் வந்து உட்கார்ந்தது. கழுத்துக்குக் கீழே, பார்க்கிறவர்களின் கண் முதலில் விழுகிற இடம். கடதாசியைத் தள்ளிப் பார்த்தேன். சட்டைப்பை வந்தது. இன்னும் தள்ளினேன். கை வந்தது. கடைசியில் எல்லாக் கடதாசிகளையும் தலைகீழாகத் திருப்பி, பாவாடையின் கீழ் ஓரம் அந்தப் பக்கம் வருகிற மாதிரி வைத்தேன். அந்தக் கீழ் ஓரத்தில் மூன்று அங்குலம் உள்ளே மடித்துத் தைக்க வேண்டும். கறை சரியாக அந்த மடிப்புக்குள் போய்விட்டது.

வீட்டில் என்றால் மஞ்சள் வைத்த ஐந்தாம் நிமிஷம் வெட்டி முடித்திருப்பேன். வெயிலுக்கும் நேரம் கிடைத்திருக்காது, கறையை நகர்த்தவும் வழி இருந்திருக்காது. வெட்டிய துணியைத் தள்ளிப் பார்க்க முடியாது. கடதாசியைத் தள்ளிப் பார்க்கலாம். ஒரு வருஷமாக மிஸ் கத்திக் கத்திச் சொன்னது எனக்குள் இறங்கியது அந்த நிமிஷத்தில்தான். மிஸ்ஸைத் தேடினேன். அவர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழும்பு அம்மா கேட்ட கேள்வி

நாலு மணிக்குத் தைத்த ஃப்ரொக்குகளைத் தொங்கவிட்டோம். கொழும்பு அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தையலை இழுத்துப் பார்ப்பார், உட்பக்கம் திருப்பிப் பார்ப்பார், எழுதுவார். என்னுடையதைத் திருப்பினார். கீழ் மடிப்பில் அவருடைய விரல் நின்றது.

"மேக்க மொகக்த?" என்றார். என்ன இது என்று.

பின்னாலிருந்து நஸ்ரின் மெதுவாக, "தேத்தண்ணி பட்டதெண்டு சொல்லுங்க சாச்சி" என்றாள்.

வெள்ளிக்கிழமை. நெற்றியில் திருநீறு. காலையில் யாரிடம் கேட்டு வெயிலை வாங்கினேனோ, அவருக்கு முன்னாலேயே பொய் சொல்வதா? பஸ்ஸில் கேட்டுப் பழகிய என் சிங்களத்தில் சொன்னேன். மஞ்சள், நான்தான் வைத்தேன், புதுத் துணிக்கு வைப்பது எங்கள் வழக்கம், பிழைதான் மிஸ்.

துணியில் கடதாசிகளை எப்படிப் பரப்பினேன் என்று நான் போட்டிருந்த படத்தை அவர் எடுத்துப் பார்த்தார். "எல்லாரும் கீழ் ஓரத்தை அந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் இந்தப் பக்கம்?"

"கறைய உள்ளுக்கு அனுப்ப, மிஸ். கடதாசியைத் திருப்பினேன்."

அவர் சிரிக்கவில்லை. "சுத்தத்துக்கு மார்க் வெட்டுவேன்" என்றார். எழுதினார். நிறைய எழுதினார். அடுத்த மேசைக்கு இரண்டு அடி வைத்தவர், திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எதைப் போட்டு அக்கே அதை எடுத்தீர்கள்? என் வெள்ளைச் சாரியில் பருப்புக் கறி பட்டு ஒரு மாதம் ஆகிறது."

"தேசிக்காயும் வெயிலும் மிஸ். சவர்க்காரம் மட்டும் போட்டுராதீங்க."

நஸ்ரின் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. இந்தத் தடவை அழுகை இல்லை.

சட்டத்துக்குள்

முடிவு வரக் கொஞ்ச நாள் ஆனது. மிஸ்தான் போன் பண்ணினார். "அக்கே, சுத்தத்தில் மார்க் போய்விட்டது. ஆனால் பாஸ். நஸ்ரினும் பாஸ்." நான் போனைக் காதில் வைத்தபடியே சாமி அறைக்குப் போனேன். மிஸ் அந்தப் பக்கம் "ஹலோ, அக்கே, ஹலோ" என்றுகொண்டிருந்தார். பாவம்.

பவானி டீச்சர் அதற்கடுத்த கிழமை வந்தார். வழக்கம்போலத் துணிப் பையைத் திறந்து அளவு ஜாக்கெட்டை வெளியே எடுத்தார்.

"அது வேணாம் டீச்சர். இப்படி வெளிச்சத்துல நில்லுங்க" என்று டேப்பை எடுத்தேன்.

"இதென்ன புதுப் பழக்கம்?"

"படிக்கச் சொன்னது நீங்கதானே."

டீச்சர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அளந்து எழுதினேன். அவர் தாளை எட்டிப் பார்த்து, "உண்மையாவோ? இவ்வளவோ?" என்றார். பிறகு போனை எடுத்து, ஒரு புதுப் படத்தைக் காட்டினார். "இது உம்மால ஏலுமோ?" என்றார். குரலில் பழைய சந்தேகம் இல்லை.

படிப்பு முடித்ததற்கான சாட்சிப் பத்திரம் கையில் கிடைத்ததும், கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்று என் கணவர் ஒற்றைக்காலில் நின்றார். ஆனால் எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் முதலில் சாமி முன்னால்தான் போகும். வைத்துக் கும்பிட்டேன். கை தானாக மஞ்சள் டப்பிக்குப் போனது.

"அம்மா!" என்று திவ்யா கத்தினாள். "இதுலயுமா?"

கையை எடுத்துவிட்டேன். அப்படியே கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் சட்டத்தை வைத்துக் காட்டினார்.

"ஓரத்துல எவ்வளவு உள்ளுக்குப் போகும் தம்பி?" என்று கேட்டேன்.

"கால் அங்குலம் மறையும் அக்கா. எழுத்துல படாது. பயப்படாதீங்க."

கால் அங்குலம். தையலுக்கு விடுகிற இடம் மாதிரி. பையிலிருந்து தையல் டேப்பையும் மஞ்சள் டப்பியையும் எடுத்து, பத்திரத்தின் மூலையில் கால் அங்குலம் அளந்து, பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளிக்கு வெளியே, சட்டம் மூடுகிற இடத்தில், மஞ்சளை மெல்லத் தொட்டு வைத்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார். "அவுங்க டிசைனர்" என்றாள் திவ்யா.

இப்போது அது முன் அறையில் மெசினுக்கு மேலே தொங்குகிறது. தைக்க வருகிறவர்கள் என் பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள். மூலையில் மஞ்சள் இருப்பது ஒருவருக்கும் தெரியாது.